சம்பந்தியின் கம்பனிக்கு ஓர் உள்ளூர் ஆள்

சிட்னியில், கிரவீனில் விக்னராஜாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அந்தத் தெருவிலேயே வாசல் சுவரில் கம்பனிப் பலகை தொங்கியது அவருடைய வீட்டில்தான். 'தண்டாயுதம் பிளாஸ்ரிக்ஸ், மலேசியா' என்று ஆங்கிலத்தில், கறுப்பு எழுத்தில். பலகையைப் பார்த்து மணியடித்து, உட்காரக் கதிரை வாங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். கதவைத் திறந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால், சம்பந்தி மாதிரிக்கு அனுப்பிய பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

கதிரைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. அவர் ரயில்வேக்காரர். இலங்கையில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, பலரையும் போலக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, எண்பத்தைந்தில் சிட்னியில் வந்து இறங்கினார். இங்கேயும் ரயில்வேயில் வேலை கிடைத்தது. மாஸ்ரர் வேலை இல்லை, ரிக்கற் கொடுக்கும் வேலை. அதையும் மாஸ்ரர் மாதிரித்தான் செய்தார். ஒருமுறை அவருடைய சொந்த மைத்துனர் ரிக்கற் இல்லாமல் வந்து, "அத்தான், கதவைத் திறவுங்கோ" என்று சிரித்துக்கொண்டு நின்றார். அத்தான் திறக்கவில்லை. மைத்துனர் அதற்குப் பிறகு வெகுகாலம் பேச்சை நிறுத்தியிருந்தார். விக்னராஜாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

"இந்த மனிசன் எனக்குத் தாலி கட்டினதே தப்பு. விதிப் புத்தகத்துக்குத்தான் கட்டியிருக்கவேணும்" என்று அவருடைய மனைவி செல்வராணி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

இரண்டாயிரத்து இரண்டில் ஓய்வு பெற்றார். செல்வராணிக்கு ஒரு ஆசை இருந்தது. பேர்த்துக்கு ரயிலில் போகவேண்டும். பாலைவனத்தைக் குறுக்கறுத்துக்கொண்டு போகும் ரயில் அது. செப்ரெம்பரில் போனால் அந்தப் பக்கத்துக் காடெல்லாம் பூவாகக் கிடக்கும் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஊர்ச் சனம் முழுக்க ஏத்தி அனுப்பினீங்கள். என்னையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோவன்."

"அடுத்த செப்ரெம்பர் கட்டாயம்" என்றார் விக்னராஜா. பொய்யாகச் சொல்லவில்லை. அடுத்த செப்ரெம்பருக்கு முன்னால் சம்பந்தி வந்துவிட்டார்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. விக்னராஜாவின் ஒரே மகள் யோகா, மெல்பனில் கிளேட்டனில் படிக்கப் போன இடத்தில் மோகனதாஸ் என்ற பையனைக் கண்டாள். மலேசியாவில் கிள்ளான்காரன், கணக்காளருக்குப் படித்துக்கொண்டிருந்தவன். செய்தி வீட்டுக்கு வந்ததும் விக்னராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆர், எவர், என்ன குடும்பம் என்று தெரியாதே என்று இழுத்தடித்தார். அந்த இழுவைக்கு ஒரு முடிவு கட்ட மோகனின் தந்தை சச்சிதானந்தன் தானே விமானம் ஏறி, பழத்தட்டும் வெற்றிலையுமாகக் கிரவீனுக்கு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "உங்க பொண்ணை என் பொண்ணா பார்த்துக்குவேன் சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் முடியும்வரை சீதனம் என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு இது எப்படிப்பட்ட கட்டு என்று மற்றவர்களுக்கு விளங்காது. அவர் கேட்டு, இவர் கொடுத்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். கேட்காமல் விட்டதற்கு எதைக் கொடுத்துத் தீர்ப்பது?

கொடுப்பதற்கு ஒன்று இரண்டாயிரத்து மூன்றில் கேட்கப்பட்டது. சச்சிதானந்தன் மெல்பனில், மல்கிரேவில் இருந்த மகன் மருமகள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து சிட்னிக்கு வந்திருந்தார். செல்வராணி சுட்ட வடையில் பாதியைச் சாப்பிட்ட பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம கம்பெனியை ஆஸ்திரேலியாவுல பதியணும் சம்பந்தி. வெளிநாட்டுக் கம்பெனின்னா, இங்கேயே குடியிருக்கிற ஒரு ஆளை ஏஜெண்டா காட்டணுமாம். அதுதான் சட்டமாம். அதுக்குன்னே ஆபீஸ் வச்சிருக்கிறவங்க சிட்டியில இருக்காங்க. வக்கீல் ரெண்டு மூணு பேரைச் சொன்னாரு. முகம் தெரியாத ஆளு லா. வீட்டுல மனுசன் இருக்கும்போது வெளியாளை எதுக்கு வைக்கணும்?"

"நான் என்ன செய்யவேணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். உங்க பேரு, இந்த வீட்டு அட்ரஸ், ஒரு கையெழுத்து. கடுதாசி வந்தா வாங்கி வைங்க, அவ்வளவுதான்."

'ஒரு கையெழுத்துத்தான்' என்று யாராவது சொன்னால் எழும்பி ஓடவேண்டும். விக்னராஜா ஓடவில்லை. ரயில்வே விடுமுறைப் படிவத்தைக்கூட இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிற மனிதர், அன்று சம்பந்தி நீட்டிய தாளை வாசிக்கவே இல்லை. மூக்குக் கண்ணாடி பக்கத்து அறையில் இருந்தது. எழும்பிப் போய் அதை எடுத்துவந்து, சம்பந்தியின் முன்னால் வரிவரியாக வாசித்தால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடாதா? செல்வராணி குசினிக் கதவடியில் நின்று கண்ணைக் காட்டினார். விக்னராஜா அதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, சம்பந்தி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

சம்பந்தியின் வக்கீல் அனுப்பிய விளக்கப் புத்தகம் பிறகு தபாலில் வந்தது. அப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். கம்பனி இந்த நாட்டில் செய்யவேண்டிய எல்லாவற்றுக்கும் உள்ளூர் ஏஜெண்ட் பொறுப்பு என்று இருந்தது. கம்பனி செய்யத் தவறினால் வரும் தண்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. கம்பனியின் பதிந்த அலுவலகம், வேறு நேரம் அறிவிக்காத பட்சத்தில், வேலை நாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரையும் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரையும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும். அந்த நேரம் முழுதும் கம்பனியின் ஆள் ஒருவர் அங்கே இருக்கவேண்டும். பதிந்த அலுவலகம் என்பது விக்னராஜாவின் முன்னறை.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டிருப்பார்கள். "ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?" என்று கோயிலில் எல்லாரும் சிரித்தார்கள். செல்வராணியும் அதையே கேட்டார்.

"சனம் இறங்காத ஸ்ரேசனிலையும் மாஸ்ரர் இருக்கத்தான் வேணும்" என்றார் விக்னராஜா.

இருந்தார். காலையில் இஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டிக்கொண்டு, உள்கதவைத் திறந்து வைத்து, வலைக்கதவின் கொளுக்கியைக் கழற்றிவிட்டு, முன்னறையில் உட்காருவார். மத்தியானம் சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம், திரும்பவும் முன்னறை. பொதுமக்கள் என்று வந்தவர்கள் வேதப் புத்தகம் கொண்டுவந்தவர்களும், மின்சாரக் கம்பனியை மாற்றச் சொன்னவர்களும், கதிரை கேட்டவர்களும்தான். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். முதல் சில மாதம் அதில் ஒரு பெருமைகூட இருந்தது, மறைப்பானேன். மீண்டும் ஒரு பொறுப்பான உத்தியோகம் கிடைத்தமாதிரி. அது தேய்ந்துபோனதும் வெறும் இருப்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வெயில் நாட்களில் தெருவில் போகிற கிழவர்களைப் பார்த்து அவருக்குப் பொறாமை வரும். அவர்கள் வேறெங்கும் போகவில்லை, கடைக்குப் பால் வாங்கத்தான் போனார்கள்.

அவரை விமான நிலையத்தில் முதன்முதல் வந்து ஏற்றிப்போன நண்பர் தேவராஜா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தகனம் வேலை நாளில், காலைப் பொழுதில். செல்வராணி தான் முன்னறையில் இருப்பதாகச் சொன்னார். ஆனால் தேவராஜாவின் மனைவி அழுதழுது தேடியது செல்வராணியைத்தான். இருவரும் போகமுடியாது. செல்வராணி போனார். விக்னராஜா வலைக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த நேரம் பெட்டியை உள்ளே தள்ளியிருப்பார்கள் என்று நினைத்து அழுதார். சட்டத்தின்மேல் கோபம் வரவில்லை. சம்பந்தியின்மேலும் கோபப்பட முடியவில்லை. தன்மேல்தான் வந்தது.

பேர்த்துக்குப் போய்வர இரண்டு கிழமை, பதினான்கு நாள் வேண்டும். அந்த இரண்டு கிழமைக்கு வேறொருவரை அந்த அறையில் இருத்தலாம், அதற்கு வழி இருந்தது. ஆனால் சம்பந்தியிடம் கேட்கவேண்டும். கேட்டால் முறைப்பாடு வைத்தமாதிரி இருக்கும், அது கிள்ளானிலிருந்து மல்கிரேவுக்குப் போகும், யோகாவின் காதில் வேறு மாதிரி விழும் என்று யோசித்து யோசித்தே செப்ரெம்பர்கள் போயின. செல்வராணியின் முழங்கால் வேறு பழுதாகிக்கொண்டு வந்தது. இரண்டாயிரத்து ஆறில் அவர் யாரையும் கேட்காமல் தானே போய் இரண்டு ரிக்கற் பதிவு செய்துவிட்டு வந்தார்.

"உங்கட கம்பனி என்னெண்டாலும் செய்யட்டும். என்ர கால் இன்னும் ஒரு வருசம் தாங்காது" என்றார்.

இந்தமுறை விக்னராஜா மறுக்கவில்லை. அந்தக் கிழமையே சம்பந்தியிடம் கேட்டுவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டார். கேட்பதற்கு முன்னால் ஒரு பெண் மணியடித்தாள். கறுப்புக் கோட்டு, கையில் தடித்த உறை.

"தண்டாயுதம் பிளாஸ்ரிக்ஸின் ஆள் நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம், நான்தான்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக் கையை நீட்டி வாங்கினார். இத்தனை வருடமாக அவர் காத்திருந்த பொதுமக்களில் உண்மையான ஆள் அவள் ஒருத்திதான்.

உறைக்குள் வழக்கு இருந்தது. ஏதோ ஒரு கிளப் மண்டபத்தில் தண்டாயுதம் கதிரையின் கால் முறிந்து, ஒரு முதியவரின் இடுப்பும் முறிந்திருந்தது. அதே மாதத்தில், கம்பனிகளைப் பதிகிற அரசாங்க அலுவலகத்திலிருந்தும் அறிவித்தல் வந்தது. கம்பனி அனுப்பவேண்டிய ஆண்டுக் கணக்குகளை அனுப்பவே இல்லையாம். உள்ளூர் ஏஜெண்ட் பதில் சொல்லவேண்டுமாம்.

கிள்ளானுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அதெல்லாம் வக்கீல் பார்த்துக்குவாரு லா. நீங்க கவலைப்படாதீங்க" என்றார் சச்சிதானந்தன்.

வக்கீலைக் கேட்டால், தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். திரும்பக் கிள்ளானுக்கு எடுத்தால், முதலாளி கோயில் திருவிழாவில் நிற்கிறார் என்றார்கள். இன்னொரு நாள் பினாங்கு போய்விட்டார் என்றார்கள். சச்சிதானந்தன் ஏமாற்றுக்காரர் இல்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிற தொல்லையை மட்டும் தொல்லை என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். இந்தத் தொல்லை கடலுக்கு அப்பால், விக்னராஜாவின் முன்னறையில் இருந்தது. வாழ்நாள் முழுதும் ஒரு குற்றப் பதிவும் இல்லாத மனிதர் நீதிமன்றக் கூண்டைக் கனவில் கண்டார்.

கடைசியில் மருமகனைப் பிடித்தார். மோகனதாஸ் இப்போது மெல்பனில் நல்ல கணக்காளர். விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"மாமா, இதுக்காகத்தானே நான் மாட்டேன்னு சொன்னேன்" என்றான்.

"என்ன மாட்டன் எண்டு சொன்னனீங்கள்?"

"ஏஜெண்டா இருக்க மாட்டேன்னு. அப்பா முதல்ல என்னைத்தானே கேட்டாரு. அவரு கணக்கெல்லாம் டைமுக்கு அனுப்ப மாட்டாரு, தலை என்னோடதுதான் உருளும்னு சொல்லிட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மாமா."

விக்னராஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகன் தகப்பனுக்கு மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அன்றிரவே ஒரே மேசையில் சாப்பிடலாம். பெண்ணைக் கொடுத்தவனுக்கு அந்தச் சொல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதானே மனுசன் விமானம் ஏறிச் சிட்னிக்கு வந்தார்! வடையைச் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டு மனிசன் என்று பேசினார்!

"இதிலயிருந்து கழரேலுமோ?" என்று கேட்டார்.

"முடியும் மாமா. இனிமே வர்றதுக்கு மட்டும். விலகுறேன்னு நோட்டீஸ் கொடுத்தா கொஞ்ச நாள்ல பொறுப்பு முடிஞ்சிரும். கம்பெனிதான் வேற ஆளைப் போடணும்."

அவ்வளவு எளிதா என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. செல்வராணியைக் கூப்பிட்டுச் சொன்னார். செல்வராணி உடனே உள்ளே போய், கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு பயணப் பெட்டிகளையும் இழுத்து வெளியே வைத்தார். ரயில் புறப்பட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. அது பரவாயில்லை, பெட்டிகள் வெளியே நிற்கட்டும் என்றார்.

மறுநாள் சச்சிதானந்தன் தொலைபேசியில் அகப்பட்டார். விக்னராஜா பாடமாக்கி வைத்ததை மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். வயது போய்விட்டது, செல்வராணிக்குக் கால் ஏலாது, இனி வேறு ஆளைப் பார்க்கவேண்டும். சம்பந்தி கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தார். சம்பந்தி சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? உங்களுக்கு முடியலைன்னா விடுங்க சம்பந்தி. நம்ம யோகா இருக்காளே. அவ பேரைப் போட்டுரலாம். வக்கீல்கிட்ட இன்னிக்கே பேப்பர் ரெடி பண்ணச் சொல்றேன்."

"யோகாவோ?"

"ஆமா லா. மருமகள்தானே. வெளியாளா?"

விக்னராஜா என்ன சொல்லித் தொலைபேசியை வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. உடனே மல்கிரேவுக்கு எடுக்கத் துணிவும் வரவில்லை. அறைக்குள் நடந்தார். செல்வராணி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. பிறகுதான் எடுத்தார். சம்பந்தி அவரை முந்திவிட்டார்.

"மாமா இப்பத்தான் எடுத்தவர்" என்றாள் யோகா.

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன்."

"மோகன் என்ன சொல்லுறார்?"

"யுவர் டிசிஷன் எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போயிட்டார்."

"அவர் தகப்பனுக்கு மாட்டன் எண்டு சொன்னவராம், தெரியுமோ உனக்கு?"

அந்தப் பக்கத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"தெரியும் அப்பா."

"எப்ப தொட்டு?"

"முதல் தொட்டு. மாமா உங்களிட்டை சிட்னிக்கு வர முதலே. ரெண்டு பேரும் எங்கட வீட்டில நிண்டுதான் சண்டை பிடிச்சவை. ஏஜெண்ட் எண்டால் என்ன, அதால என்ன வரும், எல்லாம் அவர் மாமாவுக்குச் சொன்னவர். நானும் பக்கத்தில நிண்டனான்."

"பிறகேன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதிலும் அவள் சத்தமில்லாமல்தான் அழுவாள்.

"சொல்லியிருந்தால் நீங்கள் மாட்டன் எண்டிருப்பீங்கள் அப்பா. பிறகு என்னைத்தான் கேட்டிருப்பார்."

விக்னராஜா பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார். இரண்டாயிரத்து மூன்றிலிருந்து அவர் இருந்த இருப்பு, தேவராஜாவின் செத்தவீடு, செல்வராணியின் செப்ரெம்பர்கள் எல்லாவற்றையும் தன் மகள் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்து "என்னப்பா, ஒஃபீஸ் எப்படிப் போகுது?" என்று பகிடி வேறு விட்டாள். சத்தம் போட்டு ஏசவேண்டும் போல இருந்தது. ஆனால் ஏசுவதற்கு வாயைத் திறந்தபோது அவருக்குத் தெரிந்த உண்மை ஒன்று முன்னால் வந்து நின்றது. பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள். பெண்ணைக் கொடுத்த பக்கத்தில் யாராவது ஒருவர் ஓம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒன்று அவர், இல்லாவிட்டால் அவள். அன்று அவரிடம் கேட்டிருந்தால் அவரே இந்த ஏற்பாட்டைத்தான் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை என்பதுதான் பொறுக்கமுடியவில்லை.

"அழாதை" என்றார். "பேப்பர் வந்தால் கையெழுத்து வையாதை. மாமாவோட நான் கதைக்கிறன்."

"என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"அது எனக்குத் தெரியும்."

யோகா மூச்சு விட்டது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. "தாங்க்ஸ் அப்பா" என்றாள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று மறுபடி கேட்கவில்லை. நீங்கள் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை.

அவர் உடனேயே கிள்ளானுக்கு எடுத்தார். யோசித்தால் எடுக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"சம்பந்தி, பிள்ளையின்ர பேர் வேண்டாம். அவவுக்கு வேலையும் வீடும் குழந்தையும். நானே இருக்கிறன்."

"எனக்குத் தெரியும் சம்பந்தி!" சச்சிதானந்தனின் குரல் தழுதழுத்தது. "நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும். உங்க மாதிரி ஒரு மனுசன் எனக்கு எங்க கிடைப்பாரு?"

அதில் கள்ளமே இல்லை. அந்த மனிதர் மனதாரத்தான் சொன்னார். இவரும் "அதுக்கென்ன சம்பந்தி" என்று மனதார இல்லாமல் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

செல்வராணி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருந்தால் விக்னராஜாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ" என்றார் செல்வராணி. "பேர்த் ரிக்கற்றில் ஒண்டைக் கான்சல் பண்ணவோ, ரெண்டையுமோ?"

விக்னராஜா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"ஒண்டை."